குள்ள மரங்கொத்தியும் நான்கு பெயர்களும்

உத்தனப்பள்ளிப் பக்கத்து மாந்தோப்பு ஒன்றில் காலை வேளையில் சற்றுப் பொறுமையுடன் நிற்பவர்க்கு, உச்சிக் கொம்பில் மெல்லத் தட்டும் ஓசையொன்று கேட்கக்கூடும். அண்ணாந்து நோக்கினும் எளிதிற் புலப்படாது. சிட்டுக்குருவியினும் சிறியதான, 13 சென்டிமீட்டர் நீளமே உள்ள குள்ள மரங்கொத்தி அது. உச்சந்தலை பழுப்பு, முதுகிலே வெள்ளைப் பட்டைகள், ஆணுக்கு மட்டும் பின்தலையின் இருமருங்கும் சிவந்த கீற்று. அக்கீற்றைப் பன்முறை தேடி, நான் கண்டது ஒரே முறைதான்.

இதனை ஏட்டில் ஏற்றிய வரலாறு விந்தையானது. 1799-ல் திப்பு வீழ்ந்தபின் ஓசூர்ச் சீமை கும்பினியார் வசமாயிற்று. கும்பினிப் படையோடு வந்த மருத்துவர் சிலர் ஓய்வு நேரத்தில் பறவைகளைச் சேகரிக்கலாயினர். தோல்கள் கடல் கடந்து சென்றன. 1832-ல் இலண்டன் விலங்கியல் சங்கத்தின் செயலாளராயிருந்த விகர்ஸ் என்பார் இதற்கு 'நானஸ்', அதாவது குள்ளன், என்று பெயரிட்டார். 1840-களில் சென்னைப் படையின் மருத்துவர் ஜெர்டன், தென்னாட்டுப் பறவை வேறெனக் கருதி, ஹார்ட்விக் என்னும் தளபதியின் பெயரைச் சூட்டினார். 1849-ல் கல்கத்தாவிலிருந்து பிளைத் என்பார் இலங்கைப் பறவைக்கு ஒரு பெயர் தந்தார். அவ்வாண்டே பிரான்சு நாட்டு மெட்ஸ் நகர நீதிபதி மால்ஹெர்ப், சாம்பல் நிறக் கழுத்தைக் குறித்து மற்றொன்று வழங்கினார். நீதிபதிக்கு மரங்கொத்திகளின்பால் அத்துணை மோகம்! பிற்காலத்தார் எல்லாவற்றையும் ஒரே இனமாக்கினர். பேரினப் பெயரோ பலமுறை மாறி, அண்மைக் காலத்து மரபணு ஆய்வுக்குப் பின், 1854-ல் பொனபார்ட் இட்ட 'யுங்கிபிக்கஸ்' என்பதற்கே திரும்பியது.

தோலை அளந்தோர் பலர். இதன் வாழ்வோ மெல்லிய பட்ட கொம்பையே சார்ந்தது. பெரிய மரங்கொத்திகளைப் போலத் தடித்த அடிமரத்தைக் குடைய இதற்கு வலிமை இல்லை. உளுத்த கிளையின் அடிப்புறத்தில் சிறு துளை செய்து முட்டையிடும். சுள்ளிகளில் எறும்பும் புழுவும் தேடும்.

இப்பறவை இன்று அருகிவிட்டதன்று. ஆனால் உத்தனப்பள்ளி வட்டாரத்தில் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுப்பதை எதிர்த்து 2023-ல் உழவர்கள் போராடினர். அங்கே எடுக்கப்படும் நிலத்தின் கணக்கில் காய்க்கும் மாமரத்துக்கு விலை உண்டு. அதன் பட்ட கொம்பு விறகாகவே எண்ணப்படும். கூடு குடையும் பருவமோ பிப்ரவரியிலேயே தொடங்கிவிடுகிறது.