மூன்று ஆண்களும் ஒரு தொட்டிலும் (திரைப்படம்)

மூன்று ஆண்களும் ஒரு தொட்டிலும் 1985 ஆம் ஆண்டில் வெளிவந்த பிரெஞ்சு மொழி நகைச்சுவைத் திரைப்படமாகும். கொலீன் செரோ எழுதி இயக்கிய இத்திரைப்படத்தில் ரோலான் ஜிரோ, மிசேல் பூஜெனா, ஆந்த்ரே துசோலியே ஆகியோர் நடித்துள்ளனர்.

கதை

பாரிசு நகரில் பியேர், மிசேல், ழாக் என்னும் மணமாகாத மூன்று நண்பர்கள் ஒரே வீட்டில் வசிக்கின்றனர். விமானப் பணியாளரான ழாக், வீட்டிற்கு ஒரு பொதி வரும் என்று கூறிவிட்டு வெளிநாடு செல்கின்றார். அச்சமயம் அவரது முன்னாள் காதலி சில்வியா, மாரி என்னும் பெண் குழந்தையை வாசலில் விட்டுச் செல்கின்றார். குழந்தையே அப்பொதி என நண்பர்கள் எண்ணிவிடுகின்றனர். உண்மையான பொதியிலோ போதைப்பொருள் இருக்கின்றது. பால் கலக்கவும் அணையாடை மாற்றவும் அறியாத இருவரும் தூக்கமிழந்து தவிக்கின்றனர். நாளடைவில் மூவரும் குழந்தையின் மீது பேரன்பு கொள்கின்றனர். சில்வியா திரும்பிவந்து குழந்தையை அழைத்துச் சென்றபின் அவர்களது வாழ்வு வெறுமையாகின்றது. வேலைக்குச் சென்றுகொண்டே தனியாகக் குழந்தையை வளர்க்க இயலாத சில்வியா, இறுதியில் அவர்களது உதவியையே நாடுகின்றார். குழந்தை வளர்ப்பு தாய்க்கு மட்டுமே உரிய கடமை என்னும் எண்ணத்தை இத்திரைப்படம் நகைச்சுவையினூடாகக் கேள்விக்குள்ளாக்குகின்றது.

விருதுகள்

* 1986 - சேசார் விருது: சிறந்த திரைப்படம், சிறந்த திரைக்கதை, சிறந்த துணை நடிகர் (மிசேல் பூஜெனா)
* 1986 - சிறந்த வெளிநாட்டு மொழித் திரைப்படத்திற்கான ஆசுக்கார் விருதிற்குப் பரிந்துரைக்கப்பட்டது

தழுவல்கள்

லெனார்ட் நிமோய் இயக்கத்தில் 1987 இல் ஆங்கிலத்தில் மீண்டும் எடுக்கப்பட்டது. இக்கதைக்கருவைத் தழுவி மலையாளத்தில் தூவல்ஸ்பர்சம் (1990) வெளிவந்தது. அதன் தமிழ் வடிவம், பாண்டியராஜன், ஆனந்த் பாபு ஆகியோர் நடித்த தாயம்மா (1991) ஆகும். இந்தியில் ஹே பேபி (2007) வெளிவந்தது.