கேசட்டில் வந்த விளையாட்டு

முதலில் ஒரே சுருதியில் நீண்ட கூவல். சில நொடிகளில் அது உடைந்து, காது கூசும் கரகரப்பாக மாறும். டிவி திரையின் ஓரங்களில் சிவப்பும் வெளிர்நீலமுமாகப் பட்டைகள் ஓடும். கொஞ்ச நேரத்தில் அவை நீலமும் மஞ்சளுமாகிவிடும். நாலைந்து நிமிடம் இந்தக் கூத்து நடந்து முடிந்தால் விளையாட்டு தயார். 1980களில் பிரிட்டனில் வளர்ந்த ஒருவருக்கு இன்று அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டினால் போதும், முகம் மலர்ந்துவிடும். இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கம்ப்யூட்டர், கேசட்டிலிருந்து விளையாட்டை ஏற்றிக்கொள்ளும் சத்தம் அது.

கேம்பிரிட்ஜைச் சேர்ந்த கிளைவ் சின்க்ளேர் 1980இல் இசட்எக்ஸ்80, 1981இல் இசட்எக்ஸ்81 என்று வரிசையாக மலிவுக் கம்ப்யூட்டர்களை இறக்கியிருந்தார். 100 பவுண்டுக்குள் ஒரு கம்ப்யூட்டர் என்பதே அப்போது பெரிய செய்தி. அந்தச் சமயத்தில் பிபிசி, நாட்டு மக்களுக்குக் கணினி கற்றுத்தர ஒரு பெரும் திட்டத்தைக் கையில் எடுத்தது. தன் பெயரைத் தாங்கும் கம்ப்யூட்டரைச் செய்துதரும் வாய்ப்பை ஏக்கார்ன் நிறுவனத்துக்குக் கொடுத்தது. சின்க்ளேருக்குக் கைநழுவிப்போனது. அவர் பதில் விலையில் வந்தது. 1982 ஏப்ரல் 23 அன்று வெளியான ஸ்பெக்ட்ரம், 16 கேபி நினைவகத்துடன் 125 பவுண்ட், 48 கேபியுடன் 175 பவுண்ட். பிபிசி மைக்ரோவின் பெரிய மாடலுக்கு இதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் கொடுக்க வேண்டியிருந்தது.

விலையைக் குறைக்க எங்கெல்லாம் கை வைக்கலாமோ அங்கெல்லாம் கை வைத்திருந்தார்கள். மானிட்டர் கிடையாது, வீட்டு டிவியே போதும். விசைப்பலகையில் தனித்தனி விசைகளுக்குப் பதில் ரிக் டிக்கின்சன் வடிவமைத்த ரப்பர் பொத்தான்கள், மொத்தம் 40. டிஸ்க் டிரைவ் என்ற பேச்சே இல்லை. பாட்டுக் கேட்க வீட்டில் இருக்கும் டேப் ரெக்கார்டரையே ஒரு வயரால் இணைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

விளையாட்டின் தலையெழுத்தை மாற்றியது அந்த வயர்.

ஸ்பெக்ட்ரத்துக்கு ஒரு நிரல் என்பது வெறும் சத்தம். கம்ப்யூட்டருக்குத் தெரிந்த எழுத்து பூஜ்யமும் ஒன்றும் மட்டுமே. இந்த இயந்திரத்தில் ஒன்றுக்கான ஒலியலை, பூஜ்யத்துக்கான அலையைப்போல் சரியாக இரண்டு மடங்கு நீளம். டேப் ஓட ஓட, எந்த அலை எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று அளந்தே நிரல் முழுவதையும் கம்ப்யூட்டர் வாங்கிக்கொண்டது. நொடிக்குச் சராசரியாக ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் பிட்கள். இந்த வேகத்தில் 48 கேபி நிரம்ப ஐந்து நிமிடம் ஆவதில் வியப்பில்லை.

ஏற்றும் வேலையிலும் ஒரு சடங்கு உண்டு. 'ஜே' பொத்தானை அழுத்தினால் 'லோட்' என்ற முழுச் சொல்லும் திரையில் விழும். அதன் பிறகு இரண்டு மேற்கோள் குறிகள், என்டர், டேப்பில் 'பிளே'. அப்புறம் யாரும் மேசையைத் தட்டக்கூடாது, வயரை அசைக்கக்கூடாது. டேப்பின் வால்யூம் சற்றுக் கூடினாலும் குறைந்தாலும், நாலாவது நிமிடத்தில் 'டேப் லோடிங் எர்ரர்' என்று ஒரு வரி வந்து நிற்கும். மறுபடி முதலிலிருந்து. அனுபவசாலிகள் கையில் ஒரு குட்டி ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். டேப் ரெக்கார்டரின் ஹெட் பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகை இம்மி இம்மியாகத் திருப்பி, இரைச்சல் எந்த இடத்தில் கணீரென்று தெளிகிறதோ அங்கே நிறுத்துவார்கள். அந்த இடத்தைக் காதாலேயே கண்டுபிடிக்கத் தெரிந்த பத்து வயதுப் பிள்ளைகள் இருந்தார்கள்.

சின்க்ளேருக்கு இந்த விளையாட்டு மோகம் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. வீட்டுக் கணக்குக்கும் படிப்புக்கும் அறிவியலுக்கும் மக்கள் தம் இயந்திரத்தைப் பயன்படுத்துவார்கள் என்று அவர் நினைத்தார். பெற்றோரும் 'பையன் கம்ப்யூட்டர் படிக்கட்டும்' என்றுதான் வாங்கித் தந்தார்கள். பிள்ளைகள் ஒருவகையில் படிக்கவும் செய்தார்கள். சுவிட்சைப் போட்டதும் நிரல் எழுதத் தயாராக நிற்கும் இயந்திரம் அது. பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக அச்சான நிரல்களைப் பார்த்து அடித்து, பிழை திருத்தி, அடுத்த கட்டமாகச் சொந்தமாக எழுதினார்கள். சொந்தமாக எழுதியவை பெரும்பாலும் விளையாட்டுகளாகவே இருந்தன.

லிவர்பூல் பக்கத்து இளைஞர் மேத்யூ ஸ்மித் எழுதிய 'மேனிக் மைனர்' 1983இல் வெளியானபோது அவருக்கு வயது 17. சுரங்கத்தொழிலாளி வில்லி 20 குகைகளைத் தாண்டிப் போக வேண்டும். காற்று தீர்வதற்குள் சாவிகளை எல்லாம் பொறுக்கியாக வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு சுரம் மட்டுமே எழுப்பத் தெரிந்த ஸ்பெக்ட்ரத்தின் ஒலிபெருக்கியில், நார்வே இசையமைப்பாளர் க்ரீக்கின் மெட்டு ஒன்று விளையாட்டு முழுக்கக் கீச்சிட்டுக்கொண்டே இருக்கும். அடுத்த ஆண்டு வந்த 'ஜெட் செட் வில்லி'யில் அறைகள் 60. அதில் மாடிப்பரணுக்குள் ஒருமுறை நுழைந்துவிட்டால் வேறு சில அறைகள் விளையாட முடியாதபடி கெட்டுவிடும். அது பிழைதான். ஆனால், வேண்டுமென்றே வைத்த பொறி என்று முதலில் சாதித்துப் பார்த்தார்கள். நினைவகத்தில் எந்த இடத்தில் எந்த எண்ணை மாற்றினால் பிழை தீரும் என்ற குறிப்பு பிறகு வெளியாயிற்று.

இயந்திரத்தின் குறைகளே விளையாட்டுகளுக்கு ஒரு முகத்தைத் தந்தன. ஸ்பெக்ட்ரத்தின் திரை குறுக்கே 32, நெடுக்கே 24 என்று 768 கட்டங்கள். ஒரு கட்டத்துக்கு இரண்டு நிறங்களுக்கு மேல் அனுமதி இல்லை. மஞ்சள் வீரன் பச்சை மரத்தைக் கடந்தால், ஒன்று மரம் மஞ்சளாகும், இல்லை வீரன் பச்சையாவான். இந்த நிறக்குழப்பம் இன்றும் ரசிகர்களுக்குச் செல்லக் கேலிப்பொருள். இதிலிருந்து தப்ப ஒரு வழி கண்டவர்கள், ஆஷ்பி டி லா ஸூச் என்ற சிற்றூரிலிருந்து இயங்கிய ஸ்டாம்பர் சகோதரர்கள். 'அல்டிமேட்' என்ற பெயரில் அவர்கள் 1984இல் வெளியிட்ட 'நைட் லோர்' விளையாட்டில் ஒவ்வோர் அறையும் ஒரே நிறம். நிறத்தைத் துறந்ததற்கு ஈடாக, சாய்கோணத்தில் பார்த்த, ஆழம் தெரியும் அறைகள் கிடைத்தன. அடுத்த சில ஆண்டுகளுக்கு மற்றவர்கள் பலரும் இதே பாணியைப் பின்பற்றினார்கள்.

கடைகளில் ஒரு கேசட் ஐந்து, ஆறு பவுண்டுக்கு விற்றது. 1983இல் தொடங்கிய மாஸ்டர்ட்ரானிக் நிறுவனம் 1.99 பவுண்டுக்கு விளையாட்டுகளைப் பெட்டிக்கடை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஆனாலும் மாணவனின் கைச்செலவுக்கு அதுவும் கூடுதல்தான். சத்தமாக இருப்பது எதையும் பதிவு செய்யலாம் என்பது பிள்ளைகளுக்குப் புரிய எத்தனை நாள் ஆகும்? இரட்டை டெக் டேப் ரெக்கார்டரில் ஒரு பக்கம் அசல், மறு பக்கம் காலி கேசட். தொண்ணூறு நிமிடக் கேசட் ஒன்றில் டஜன் விளையாட்டுகளுக்கு மேல் அடங்கும். பிடித்த பாட்டுகளைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கடையில் கொடுத்துக் கேசட்டில் பதிந்து வாங்கிய நம்மூர்த் தலைமுறைக்கு இதில் விளக்கிச் சொல்ல ஒன்றுமில்லை. அங்கே அந்தக் கடை, பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது.

நிறுவனங்கள் சும்மா இருக்கவில்லை. 'ஜெட் செட் வில்லி' கேசட்டோடு வண்ணக் கட்டங்கள் அச்சிட்ட ஓர் அட்டை வந்தது. விளையாட்டு தொடங்கும் முன் அட்டையில் குறிப்பிட்ட கட்டத்தின் நிறங்களைத் திரை கேட்கும். அட்டை இல்லாதவன் தோற்றான். கலர் ஜெராக்ஸ் அரிதாக இருந்த காலம், கறுப்பு-வெள்ளையில் நகல் எடுத்துப் பயனில்லை. பிள்ளைகள் கட்டம் போட்ட நோட்டை விரித்து, வண்ணப் பென்சிலால் அட்டை முழுவதையும் பொறுமையாக நகலெடுத்தார்கள். வேறு சில நிறுவனங்கள், வழக்கமான அலைநீளத்தை விட்டு விசித்திரமான வேகத்தில் பதிந்து, நகல் கேசட் தடுமாறும்படி செய்தன. அதற்கும் மாற்றுவழி வந்தது.

கடல் தாண்டியதும் நகலெடுப்பு வேறொரு வேலை செய்தது. யுகோஸ்லாவியாவில் இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் வெளிநாட்டுக் கம்ப்யூட்டர் வாங்குவதே பெரும்பாடு. அங்கே 1983 முதல், பெல்கிரேட் 202 வானொலியில் ஸோரான் மோட்லி என்ற தொகுப்பாளர் நிரல்களின் சத்தத்தையே ஒலிபரப்பினார். நேயர்கள் வானொலியிலிருந்து கேசட்டில் பதிந்து, கம்ப்யூட்டரில் ஏற்றி விளையாடினார்கள். நெதர்லாந்தின் வானொலியிலும் இப்படி நிரல்கள் ஒலித்தன. சோவியத் நாட்டில் இயந்திரத்தையே நகலெடுத்துவிட்டார்கள். உள்நாட்டில் கிடைத்த உதிரி பாகங்களைக் கொண்டு செர்கெய் ஸோனோவ் 1988இல் வடிவமைத்த 'லெனின்கிராட்' கம்ப்யூட்டர், ஸ்பெக்ட்ரத்தின் மலிவுப் பிரதி. வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு பலர் வீட்டிலேயே பற்றவைத்துக்கொண்டார்கள். பிரிட்டிஷ் கடைகளைக் கண்ணால் பார்த்திராத ஒரு தலைமுறை அந்த விளையாட்டுகளிலேயே வளர்ந்தது. இந்தியாவிலும் ஒரு சின்னக் கிளை உண்டு. 1984இல் மத்திய அரசு தொடங்கிய 'க்ளாஸ்' பள்ளிக் கணினித் திட்டத்துக்கு வந்தவை ஏக்கார்னின் பிபிசி மைக்ரோக்கள். ஆனாலும் புனேயின் டெசிபெல்ஸ் நிறுவனம் ஸ்பெக்ட்ரத்தைத் தன் பெயரில் விற்றது.

பிரிட்டனில் அதற்குள் பணக்கணக்கு கெட்டுக்கொண்டிருந்தது. லிவர்பூலில் இளைஞர்கள் நடத்திய 'இமேஜின்' நிறுவனம் சொகுசுக் கார்களும் பெரிய விளம்பரங்களுமாக வாழ்ந்துவிட்டு, 1984 ஜூலையில் திவாலானது. அவர்களின் வெற்றிக் கதையைப் படமெடுக்க வந்த பிபிசி குழுவின் கேமராவில் பதிவானது வீழ்ச்சிக் கதை. சின்க்ளேருக்கும் கடன் ஏறியது. 1986 ஏப்ரலில் ஆலன் ஷுகரின் ஆம்ஸ்ட்ராட் நிறுவனம், சின்க்ளேரின் கணினித் தொழிலையும் பெயரையும் 50 லட்சம் பவுண்டுக்கு வாங்கிக்கொண்டது. இந்த ஆம்ஸ்ட்ராட்தான் கேசட்டிலிருந்து கேசட்டுக்கு வேகமாகப் பதியும் இரட்டை டெக் கருவிகளை விற்று, இசைத் தொழில்துறையின் வழக்கைப் பிரபுக்கள் சபை வரை எதிர்கொண்டு, 1988இல் வென்ற நிறுவனம். 1992இல் ஸ்பெக்ட்ரம் உற்பத்தி நின்றது. மறு வருடம் 'யுவர் சின்க்ளேர்' பத்திரிகையும் கடைசி இதழை வெளியிட்டது.

காந்த நாடாவின் ஆயுள் கொஞ்சம்தான். ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், இழுபடும், காந்தப் பூச்சு உதிரும். வெளியிட்ட நிறுவனங்களில் பல மூடப்பட்டுவிட்டன. மூலப் பிரதிகளைப் பத்திரப்படுத்த அவர்களுக்கு அவசியமும் தோன்றியிருக்கவில்லை. காப்பாற்றும் வேலை, நகலெடுத்துப் பழகிய பிள்ளைகளிடமே வந்து சேர்ந்தது. அதற்குள் அவர்கள் வளர்ந்து, வேலைக்குப் போய், புதிய கணினிக்குள் பழைய ஸ்பெக்ட்ரமாக நடிக்கும் எமுலேட்டர் நிரல்களை எழுதியிருந்தார்கள். 1995இல் நெதர்லாந்துக்காரர் மார்ட்டைன் வான் டர் ஹெய்டே 'வேர்ல்ட் ஆஃப் ஸ்பெக்ட்ரம்' என்ற இணையக் காப்பகத்தைத் தொடங்கினார். பரணிலும் பழைய சாமான் சந்தையிலும் கிடைத்த கேசட்டுகள் ஒவ்வொன்றாக அங்கே வந்து சேர்ந்தன. அட்டைப்படம், விளையாடும் முறை எழுதிய தாள், பத்திரிகை விமர்சனம் என்று கிடைத்ததையெல்லாம் ஸ்கேன் செய்து சேர்த்தார்கள். 1997இல் டிஇசட்எக்ஸ் என்ற கோப்பு வடிவம் வந்தது. அலைகளின் நீளத்தையே எழுதி வைப்பதால், நகலைத் தடுக்கச் செய்த விசித்திர வேகங்கள்கூட அதில் அப்படியே பதிவாகின. கேசட் காப்பிக்கு எதிராகச் செய்த தந்திரமும் காப்பகப் பொருளாயிற்று.

இவர்கள் முன்பைப்போலக் கேட்காமல் எடுத்துக்கொள்ளவில்லை. உரிமையாளர்களைத் தேடிப் பிடித்து, கடிதம் எழுதி, அனுமதி கேட்டார்கள். பலர் சரியென்றார்கள். பையனாக இருந்தபோது எழுதியதை இன்னும் யாரோ விளையாடுகிறார்கள் என்பதே சிலருக்கு ஆச்சரியம். முக்கியமான அனுமதி 1999இல் வந்தது. ஸ்பெக்ட்ரத்தின் உள்நிரலை எமுலேட்டர்களோடு சேர்த்து வழங்கத் தனக்கு ஆட்சேபம் இல்லை என்று, பதிப்புரிமையை வைத்துக்கொண்டே, ஆம்ஸ்ட்ராட் சொன்னது. இரட்டை டெக் விற்ற நிறுவனம் அது என்பதை அந்தத் தலைமுறையினர் மறக்கவில்லை.

அதன் பிறகு இந்த நினைவேக்கத்துக்குச் சந்தையும் உருவானது. 2016இல் பொதுமக்களிடம் 5 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டிய 'வேகா பிளஸ்' கைக்கருவித் திட்டம், பெரும்பாலானோருக்குப் பொருளைத் தராமலே மூழ்கியது. 2017இல் 7 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டிய 'ஸ்பெக்ட்ரம் நெக்ஸ்ட்', ரிக் டிக்கின்சனே வடிவமைத்த உடலோடு 2020இல் கைக்கு வந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை, 2018இல் காலமாகிவிட்டார். கிளைவ் சின்க்ளேர் 2021 செப்டம்பரில் மறைந்தார். 2024இல் கடைக்கு வந்த 'தி ஸ்பெக்ட்ரம்' ரப்பர் பொத்தான்களோடு, 48 விளையாட்டுகளை உள்ளேயே வைத்திருக்கிறது. கேசட் வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம். இன்னொரு பக்கம், ரசிகர்கள் இன்றும் புதிய ஸ்பெக்ட்ரம் விளையாட்டுகளை எழுதிக் கேசட்டிலேயே வெளியிடுகிறார்கள்.

இமேஜின் திவாலானபோது பாதியில் நின்றுபோன ஒரு விளையாட்டின் பெயர் 'பாண்டர்ஸ்னாட்ச்'. 2018இல் நெட்ஃப்ளிக்ஸ் அதே பெயரில், 1984இல் நடக்கும் ஒரு படத்தை வெளியிட்டது. அதன் ஒரு முடிவில், பேருந்தில் கதாநாயகன் கேட்கும் கேசட்டிலிருந்து அந்தப் பழைய கரகரப்பு எழுகிறது. பழக்கப்பட்ட காதுகள் உடனே விழித்துக்கொண்டன. டிவியிலிருந்து சத்தத்தைப் பதிந்து எமுலேட்டருக்கு ஊட்டினார்கள். திரையில் ஒரு க்யூஆர் கோடு வந்தது. அது காட்டிய முகவரியில், படத்தில் வரும் 'நோஸ்டைவ்' விளையாட்டு, விளையாடக்கூடிய ஸ்பெக்ட்ரம் நிரலாகவே காத்திருந்தது.

எல்லாவற்றுக்கும் அனுமதி கிடைத்துவிடவில்லை. காப்பகத்தின் சில பக்கங்களில் அட்டைப்படம் இருக்கும், ஆண்டும் எழுதியவர் பெயரும் விமர்சனமும் இருக்கும், விளையாட்டு மட்டும் இருக்காது. உரிமையாளர் மறுத்துவிட்டார் என்ற ஒற்றைக் குறிப்பு அந்த இடத்தில் நிற்கும். வேறு சில தலைப்புகள் 'காணவில்லை' பட்டியலில் இருக்கின்றன. விளம்பரம் அச்சானதற்குச் சாட்சி உண்டு, கேசட் கைக்குக் கிடைக்கவில்லை. அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் பழைய சாமான் சந்தைகளில் கேசட் பெட்டிகளைப் புரட்டுகிறார்கள்.