பெயர் பறிபோன துறை

'சமூகவியல்' என்று நாம் தமிழாக்கிக்கொண்ட 'சோசியாலஜி' ஒரு மனத்தாங்கலில் பிறந்த சொல். கோள்களின் ஓட்டத்துக்கு விதி இருப்பதுபோல் மனிதக் கூட்டத்தின் போக்குக்கும் இருந்தாக வேண்டும் என்று நம்பிய பிரெஞ்சு மெய்யியலாளர் அகஸ்ட் காம்ட், அந்த விதிகளைத் தேடும் துறைக்கு முதலில் வைத்திருந்த பெயர் 'சமூக இயற்பியல்'. 1835இல் பெல்ஜிய வானியலாளர் அடால்ஃப் கெத்லே அதே பெயரைத் தம் நூல் தலைப்பில் சேர்த்துவிட்டார். பிறப்பு, இறப்பு, குற்றம், ஆட்களின் உயரம், எடை என்று கணக்கெடுத்து, 'சராசரி மனிதன்' ஒருவனை வார்த்தெடுத்த நூல் அது. வெறும் புள்ளிவிவரத்துக்கா இந்தப் பெயர் என்று காம்ட் கொதித்தார். 1839இல் வெளிவந்த தம் பெருநூலின் நான்காம் தொகுதியில் 'சோசியாலஜி' என்று புதுப்பெயர் சூட்டினார். பல பத்தாண்டுகளுக்கு முன்பே சீயெஸ் என்ற பிரெஞ்சு அரசியல் சிந்தனையாளர் தம் கையெழுத்துப் பிரதிகளில் இச்சொல்லை எழுதியிருந்தார். அவை அச்சேறாததால் பெருமை காம்டுக்குப் போயிற்று.

'சோசியாலஜி'யின் முன்பாதி 'தோழன்' எனப் பொருள்படும் இலத்தீன், பின்பாதி கிரேக்கம். இந்தக் கலப்பு மொழிப்புலவர்களை உறுத்தியது. ஆங்கில மெய்யியலாளர் ஜான் ஸ்டூவர்ட் மில்லோ, கொச்சைதான் என்றாலும் வசதியான சொல் என்று 1843இலேயே ஏற்றுக்கொண்டார்.

நம் சொல்லும் கலப்புத்தான்: 'சமூகம்' வடமொழி, 'இயல்' தமிழ். அது எனக்கு உறுத்தலில்லை; உறுத்துவது வேறு. பேச்சுவழக்கில் 'எங்க சமூகத்து ஆளு' என்றால் சாதிக்காரர் என்று பொருள். சாதியை ஆராய வேண்டிய துறைக்கு, சாதியை நாசூக்காகச் சொல்லும் சொல்லே பெயராகிவிட்டது. முதல் வகுப்பிலேயே ஆசிரியர்கள் இந்த இரு பொருள்களையும் பிரித்துக்காட்ட வேண்டும்.

காம்ட் பெயரைத் தந்தார். ஆய்வுமுறை வேறொருவரிடமிருந்து வந்தது. பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கைம் 1897இல் தற்கொலை பற்றி எழுதிய நூல், காம்ட் வெறுத்த அந்தப் புள்ளிவிவரங்களின் மேல்தான் நிற்கிறது. தனிமனிதத் துயரத்தின் உச்சம் என்று நாம் நினைக்கும் செயலின் விகிதம், ஒவ்வொரு நாட்டிலும் ஆண்டுக்காண்டு பெரிதாக மாறவில்லை என்று அவர் கண்டார். கத்தோலிக்கரைவிடப் புராட்டஸ்டன்ட்டுகளிடம் அது கூடுதல், பிள்ளைகுட்டிகளோடு வாழ்பவர்களிடம் குறைவு, போர்க்காலத்தில் சரிவு. மனிதரைச் சுற்றத்தோடும் ஊரோடும் பிணைக்கும் கட்டு தளர்ந்த இடங்களில் அந்த விகிதம் ஏறுகிறது என்பது அவர் கண்ட விடை.