பொன்னுருக்கலும் கன்னாதிட்டியும்

அறவழியில் பெற்ற பொன்னில், அவரவர்க்கென்றே செய்யப்படும் நகை என்று மேலைநாட்டு நகைக்கடைகள் இப்போது விளம்பரம் செய்கின்றன. யாழ்ப்பாணத்தாருக்கு இது புதினமன்று.

எங்கள் ஊர்களில் திருமணத்துக்கு முன் நல்ல நாள் பார்த்து, மணமகன் வீட்டில் பொன்னுருக்கல் நடைபெறும். பவுண் நாணயமொன்றைப் பத்தர் சபையோர் முன்னிலையில் உருக்குவார். அந்தப் பொன்னிலேயே தாலி. சடங்கு என்கிறோம், கணக்குக் காட்டல் என்பேன் நான். பொன் எங்கிருந்து வந்தது, ஏதும் கலந்ததா என்பதற்கு உறவினரே சாட்சி. ஏனைய நகைகளிலும் தாயின் பழைய காப்பு கன்னாதிட்டிப் பட்டறையில் உருகி மகளின் அட்டியலாவது வழக்கம். புதிதாகச் சுரங்கம் தோண்டவேண்டியதில்லை. (சேதாரத்துக்காக நடந்த சண்டைகள் வேறு கதை.)

அது வெறும் அலங்காரமுமன்று. 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமை, சீதனத்தைப் பெண்ணின் தனிச்சொத்தாக ஏற்றது. போரில் அந்தச் சொத்தே பறிபோனது. 1990 ஒக்டோபர் 30இல் விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, பெண்கள் அணிந்திருந்த நகைகளையும் பறித்தனர். புலிகளின் வங்கியில் மக்கள் ஈடுவைத்த நகைகள் 2009இல் இராணுவத்தின் கைக்குப் போயின. ஒரு பகுதி 2014 டிசம்பரில் உரியவரிடம் திரும்பியது. இன்னொரு தொகுதியை இராணுவம் பொலிசாரிடம் ஒப்படைத்தது 2025 மே மாதத்தில்தான்.

பற்றுச்சீட்டைத் தொலைத்தவர் எதைக் காட்டி உரிமை கோருவார்? தாம் செய்த வேலையைப் பத்தர் கண்டாலே அறிவார். நகைகளை இனங்காண எஞ்சியுள்ள பத்தர்களையும் அழைக்கவேண்டும், அவர்களுக்கும் வயதாகிறது.