செவிலி என்ற பழைய சொல்

மரக்காணத்துக்கு வடக்கே கடலோரமாகக் கிடக்கும் இடைக்கழிநாடுதான் சிறுபாணாற்றுப்படையைப் பாடிய நல்லூர் நத்தத்தனாரின் ஊர்ப்பக்கம். அவர் பாடிய நல்லியக்கோடனின் ஓய்மாநாடு திண்டிவனத்தைச் சுற்றி இருந்தது. அந்நூல் சொல்லும் எயிற்பட்டினம் மரக்காணமே என்பது ஆய்வாளர் பலருடைய கருத்து. எனக்கு அந்த நூலில் பிடித்தது பட்டினம் அல்ல, ஒரு குரங்கு. கொற்கைப் பக்கம் உப்பு வண்டிகளோடு போகும் உமணர் கூட்டத்தில் ஒரு மந்தியும் போகிறது. அதைத் தாங்கள் பெற்ற பிள்ளை மாதிரியே வைத்திருக்கிறார்கள். கிளிஞ்சலுக்குள் முத்தைப் போட்டு, கிலுகிலுப்பையாக்கி, உமணப் பெண்களின் குழந்தைகளோடு சேர்ந்து அது ஆட்டி விளையாடுகிறது. உப்புக்காரர்கள் பெறாததையும் வளர்த்தவர்கள் என்று நெய்தல் பாடகருக்குத் தெரிந்திருக்கிறது.

பெறாமல் வளர்ப்பவளுக்குச் சங்கத் தமிழில் தனிச் சொல்லே உண்டு: செவிலி. தோழியைப் பெற்றவள் அவள், தலைவியை வளர்த்தவளும் அவள். உடன்போக்கில் பெண் போய்விட்டால், பெற்ற தாய் வீட்டில் புலம்புகிறாள். சுரத்தில் நடந்து, எதிரே வருபவர்களை எல்லாம் விசாரித்துத் தேடுகிறவள் செவிலி. அந்தச் சொல்லை இன்று நாம் மருத்துவமனைக்குக் கொடுத்துவிட்டோம். செவிலியர் என்றால் நர்ஸ். இது சின்ன இழப்பு இல்லை. அரசு இப்போது 'வளர்ப்புப் பெற்றோர்' என்று எழுதுகிறது, ஊரில் அதைக் கேட்டதுமே "ஓ, தத்து எடுக்கறதா?" என்கிறார்கள்.

தத்து வேறு, இது வேறு. தத்தில் பிள்ளை சட்டப்படி உங்கள் வாரிசாகிறது, பழைய உறவு அறுந்துபோகிறது. வளர்ப்புப் பராமரிப்பில் குழந்தை உங்கள் வீட்டில் இருக்கும், ஆனால் குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவின் பேரில் இருக்கும். பெற்றவர்கள் தேறி வந்தால் திரும்பிப் போகவும் போகும். கொடுக்கத்தான் வேண்டும் என்று தெரிந்தே வளர்ப்பது. அந்தக் காலச் செவிலியின் நிலைமையும் ஏறக்குறைய அதுதானே!

சட்டத்தில் இதற்கான விதை விழுந்ததும் நம் பக்கத்தில்தான். 1920இல் வந்த சென்னைக் குழந்தைகள் சட்டம் இந்தியாவிலேயே முதலாவது. இங்கிலாந்தின் 1908ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பார்த்து எழுதியது. குழந்தையை உறவினரிடமோ 'தகுந்த நபர்' ஒருவரிடமோ ஒப்படைக்கலாம் என்ற யோசனை அப்போதே இருந்தது. ஆனால் காசும் கவனமும் கட்டடங்களுக்கே போயின. இல்லங்கள் எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். முத்துலட்சுமி ரெட்டி 1930இல் தொடங்கிய அவ்வை இல்லமும், 1949இல் தொடங்கப்பட்ட பால மந்திரும் இல்லாவிட்டால் பல பேர் கதை வேறாகியிருக்கும். சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் அரசே இல்லங்களைத் திறந்தது. அவசரத்தில் யாராவது பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாதே என்ற பயம் நியாயமானது.

இதில் எல்லாவற்றிலும் பின்னால் நின்றது மூளை வளர்ச்சி குன்றிய பிள்ளை, நடக்க முடியாத பிள்ளை. தத்து கேட்டு வரிசையில் நிற்பவர்கள் பல ஆண்டுகள் காத்திருக்கிறார்கள்; ஆனால் இந்தப் பிள்ளைகளைக் கேட்பவர்கள் மிகச் சிலர். 2017ஆம் ஆண்டுத் தத்து ஒழுங்குமுறை விதிகளே இதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அவற்றின்படி உள்நாட்டில் 60 நாள் பெற்றோர் தேட வேண்டியிருந்தது, அப்புறம்தான் வெளிநாடு. குழந்தைக்கு ஊனமோ மனநலக் குறைபாடோ இருந்தால் 15 நாளே போதுமானதாக இருந்தது. அதற்கு மேல் தேடினாலும் ஆள் கிடைக்காது என்று விதி எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இரண்டு ஊர்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பெல்ஜியத்தில் கேல் என்றொரு ஊர். புனித டிம்ப்னாவின் கோயிலுக்கு மனநலம் குன்றியவர்களை இடைக்காலம் முதலே கூட்டி வந்தார்கள். கோயிலில் இடம் போதவில்லை, சுற்றியுள்ள குடியானவர்கள் வீட்டில் சேர்த்துக்கொண்டார்கள். வயல் வேலைக்கும் ஆள் ஆயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அரசு இதைத் தன் மேற்பார்வையில் எடுத்து, மருத்துவரை வைத்து, குடும்பங்களுக்குப் பணமும் கொடுத்தது. 1938இல் அந்தச் சிற்றூர் வீடுகளில் சுமார் 3,700 பேர் இருந்தார்கள். இன்னொன்று நம் ஏர்வாடி. அதுவும் நோயாளிகள் நம்பி வரும் புனிதத் தலம்தான். அங்கும் இடம் போதாமல் சுற்றிலும் 'இல்லங்கள்' முளைத்தன. 2001 ஆகஸ்ட் 6 அன்று அதிகாலை ஒரு கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களில் 28 பேர் செத்தார்கள்.

பக்தியில் இரண்டு ஊருக்கும் வித்தியாசம் இல்லை. கேலில் ஒரு வீட்டுக்கு ஒருவர் இருவர், பக்கத்து வீட்டுக்காரர் கண்ணில் படுகிற மாதிரி. ஏர்வாடியில் கும்பலாக, கேட்பாரில்லாமல். மரக்காணம் இருக்கும் இதே விழுப்புரம் மாவட்டத்தில், குண்டலப்புலியூரில், 2023 பிப்ரவரியில் ஒரு தனியார் ஆசிரமத்திலிருந்து நூறுக்கும் மேற்பட்டவர்களை மீட்க வேண்டி வந்தது. இருபத்திரண்டு ஆண்டில் நாம் கற்றது அவ்வளவுதான்.

2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 44ஆம் பிரிவு வளர்ப்புப் பராமரிப்பைச் சொல்கிறது. 2016இல் மாதிரி வழிகாட்டுதல்கள் வந்தன. 2024இல் அவற்றைத் திருத்தினார்கள். முன்பு தம்பதிகளுக்கு மட்டும் இருந்தது. இப்போது 35 முதல் 60 வயது வரையுள்ள தனியாரும் கேட்கலாம். திருமணம் ஆகாதவர், கணவரை இழந்தவர், பிரிந்தவர் எல்லாரும் இதில் வருவார்கள். பெரும்பாலும் ஆறு வயதைத் தாண்டிய பிள்ளைகள், இடம் கிடைக்காத பிள்ளைகள், சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகள். இரண்டு ஆண்டு நன்றாகப் போனால் தத்துக்கும் விண்ணப்பிக்கலாம். முன்பு அது ஐந்து. மிஷன் வாத்சல்யா திட்டத்தில் ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய். கடுமையான அறிவுசார் குறைபாட்டுக்குத் தமிழக அரசு தரும் பராமரிப்புத் தொகை 2,000.

இதை மரக்காணத்து அளத்தில் வைத்துக் கணக்குப் போட்டால் எப்படி இருக்கும்? தை, மாசியில் பாத்தியை மிதித்துச் சமன்செய்து, ஆவணி, புரட்டாசி வரை உப்பு வாருகிறார்கள். மழை விழுந்தால் வேலை கிடையாது. அந்த மாதங்களுக்காக அரசு அண்மையில் 5,000 ரூபாய் நிவாரணம் தரத் தொடங்கியது. வெயிலில் வேலைக்குப் போகும் அப்பா அம்மா பிள்ளையை ஆயா வீட்டில், அத்தை வீட்டில் விட்டுத்தான் போகிறார்கள். "நம்ம வூட்டுப் புள்ளதானே" என்று பேசிக்கொள்வார்கள். எந்தக் குழுவின் உத்தரவும் கேட்பதில்லை. அதாவது வளர்க்கத் தெரிந்தவர்கள் இந்தக் கரையில் நிறைய இருக்கிறார்கள்.

ஆனால் விண்ணப்பித்தால் வீட்டைப் பார்க்க வருகிறார்கள். நிரந்தர வருமானம் உண்டா, தனி இடம் உண்டா என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டியதுதான், ஏர்வாடியை நினைத்தால் குறை சொல்ல முடியாது. ஆனால் வருஷத்தில் மூன்று மாதம் வருமானமே இல்லாத வீட்டை அந்தப் படிவத்தில் எங்கே எழுதுவது? மூளைவாதம் உள்ள குழந்தை என்றால் பிசியோதெரபிக்குப் புதுச்சேரிக்கோ திண்டிவனத்துக்கோ போக வேண்டும், எப்படியும் 35 கிலோமீட்டர். தூக்கிக்கொண்டு பஸ் ஏறுகிறவள் அன்றைக்குக் கூலியை விடுகிறாள். வாரம் இரண்டு நாள் என்றால் மாதத்தில் எட்டு நாள் கூலி. அந்த 4,000இல் பெரும்பகுதி விட்ட கூலிக்கே போய்விடும். பிள்ளைக்குப் பாலும் மருந்தும் வாங்குவது அதற்கு அப்புறம்.