மாதவிலக்கும் மங்கையர் கல்வியும்

மூடநம்பிக்கை புராண ஏட்டில் மட்டும் குடியிருப்பதில்லை, தோழர்களே! சில வேளைகளில் மருத்துவ நூலின் அட்டையைப் போர்த்துக்கொண்டும் அது வீதிக்கு வரும்.

1873ஆம் ஆண்டு. அமெரிக்க நாட்டில் பெண்களுக்குக் கல்லூரிக் கதவு மெல்லத் திறந்துகொண்டிருந்த காலம். ஹார்வர்டில் பேராசிரியராக இருந்த மருத்துவர் எட்வர்டு கிளார்க் ஒரு நூல் வெளியிட்டார். மாதவிலக்கு நாட்களில் மூளைக்கு வேலை தந்தால் பெண்ணின் உடல் நலியும், தாய்மை கெடும்; ஆகவே ஆடவர் பெறும் உயர்கல்வி அவளுக்கு ஆகாது என்றார். சான்று? விரல்விட்டு எண்ணத்தக்க சிலரின் கதைகள்! எனினும் பதிப்பின்மேல் பதிப்பாக விற்றது அந்நூல்.

வாய்ச்சொல்லுக்கு வாய்ச்சொல்லால் விடையிறுக்கவில்லை மேரி புட்னம் ஜேக்கபி என்ற பெண் மருத்துவர். பெண்களுக்கே வினாத்தாள் அனுப்பினார். 268 பேர் விடை எழுதினர். நாடித்துடிப்பையும் தசை வலிவையும் அளந்தார். நல்ல ஊட்டமுள்ள பெண்ணுக்கு அந்நாட்களில் ஓய்வு கட்டாயமன்று என நிறுவினார். பெயர் மறைத்து அனுப்பிய அவ்வுரைக்கு 1876இல் பரிசளித்தது எது தெரியுமா? அதே ஹார்வர்டு! ஆனால் அதன் மருத்துவக் கல்லூரி பெண்ணை மாணவியாக ஏற்றது 1945இல்தான்.

1885இல் பட்டம் பெற்ற பெண்களின் சங்கம், 705 பட்டதாரிகளின் உடல்நலத்தைக் கேட்டறிந்து வெளியிட்டது. படிப்பு உடலைக் கெடுக்கும் என்ற கூற்று பொய்த்தது. 1914இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் லீட்டா ஹாலிங்வொர்த், பெண்களின் அறிவுத்திறனையும் கைத்திறனையும் தொடர்ந்து சோதித்தார். மாதவிலக்கால் திறன் குன்றவில்லை.

அப்படியானால் துன்பமே இல்லையா? உண்டு! இல்லாத குறையைச் சுமத்துவது ஒரு கொடுமை. இருக்கும் துன்பத்தை இல்லையென்பது மறு கொடுமை. மாதவிலக்குக்கு முன்னர்ச் சிலரை வாட்டும் மன இறுக்கத்தை 1931இல் ராபர்ட் ஃபிராங்க் விவரித்தார். உடலையும் மனத்தையும் சேர்த்துத் தாக்கும் அத்துன்பங்களை 1953இல் கேத்தரினா டால்டனும் ரேமண்ட் கிரீனும் தொகுத்தெழுதினர். அதன் கடுமையான வடிவத்தை 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தனி நோயாகவே பட்டியலில் ஏற்றது.

பலருக்கு அது சிறு தொல்லை. மிகச் சிலருக்கே வாழ்வைக் குலைக்கும் நோய். சோர்வு, சினம், அச்சம், உறக்கக்கேடு ஆகியவை விலக்குக்கு முந்திய நாட்களில் வரும். விலக்குத் தொடங்கியதும் தணியும். உடலின் சுரப்புநீர்கள் இயல்பாகவே ஏறி இறங்குகின்றன. சிலர் மூளை அதனைத் தாங்குவதில்லை. இது பாவமுமன்று, பிடிவாதமுமன்று. மருத்துவம் உண்டு.

அறியும் கருவி? ஒரு நாட்குறிப்பு! இரு மாதம் நாள்தோறும் குறித்துவந்தால், தேர்வுக்காலச் சோர்வா, திங்கள்தோறும் திரும்பும் நோயா என்பதை மருத்துவர் பிரித்தறிவார்.

கல்லூரி நங்கையரே! "உன்னால் முடியாது" என்பாரை நம்பாதீர்கள். "பெண்ணென்றால் பொறுத்துத்தான் ஆகவேண்டும்" என்பாரையும் நம்பாதீர்கள். ஜேக்கபி அளந்தார், ஹாலிங்வொர்த் சோதித்தார், நீங்கள் குறித்து வையுங்கள், கூசாமல் சொல்லுங்கள். தோழர்களே! அவர்கள் சொல்லும்போது நகைக்காமல் கேளுங்கள். பகுத்தறிவு அங்கேதான் தொடங்குகிறது.