படம் ஓடலையா? – பெரிய திரையின் ஒன்பது நாள் கணக்கு

இந்த எபிசோட் ஒரு சின்ன குற்ற உணர்ச்சியில் ஆரம்பிக்குது. அந்தக் கதையை முதலில் சொல்லிடறேன், பிறகு வரலாற்றுக்குப் போகலாம்.

2023 ஜூலை. மிஷன் இம்பாசிபிள் வரிசையின் ஏழாவது படம், டெட் ரெக்கனிங், 12-ஆம் தேதி புதன்கிழமை வெளியானது. அப்பா அப்போ ஊரிலிருந்து சென்னைக்கு வந்திருந்தார். டாம் க்ரூஸ் பைக்கோடு மலை விளிம்பிலிருந்து பாய்கிற காட்சியை மொபைலில் காட்டி, "இதை உங்களை ஐமேக்ஸ்ல கூட்டிட்டுப் போய்க் காட்டறேன்ப்பா" என்று சொல்லியிருந்தேன். ஆனால் அந்த வாரம் ஆபீசில் எங்க டீமுக்கு ரிலீஸ். சனி, ஞாயிறு இரண்டும் லேப்டாப் முன்னாடியே போச்சு. அப்பாவுக்கு அதில் வருத்தமே இல்லை. அவர் எந்தப் படத்துக்கும் முதல் வாரம் போனவர் இல்லை. "கூட்டம் குறையட்டும்டா, நாலு பேர் என்ன சொல்றாங்கன்னு பார்த்துட்டு அடுத்த வாரம் போவோம்" என்றார்.

அடுத்த சனிக்கிழமை, 22-ஆம் தேதி, புக்கிங் ஆப்பைத் திறந்தால் ஐமேக்ஸில் அந்தப் படமே இல்லை. வரிசையா ஓப்பன்ஹைமர் மட்டும்தான். முந்தின நாள் வெளியான படம்.

அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஏன், படம் ஓடலையா?"

அந்தக் கேள்விதான் இந்த எபிசோட். தமிழில் ஒரு படம் ஜெயிச்சுதா என்று கேட்க "ஓடுச்சா" என்றுதான் கேட்கிறோம். வெற்றியை நாளால் அளந்த காலத்தின் சொல் அது. 50-வது நாள், 100-வது நாள், வெள்ளி விழா. பத்தே நாளில் திரையை விட்டுப் போன படம் அப்பாவோட அகராதியில் தோல்விப் படம். ஆனால் டெட் ரெக்கனிங்குக்கு ஐமேக்ஸில் கிடைத்தது ஒன்பது நாள்தான் என்பது, முதல் டிக்கெட் விற்பதற்கு முன்பே முடிவான விஷயம். இந்த இடத்துக்கு சினிமா எப்படி வந்தது?

பெட்டி வந்தால்தான் படம்

தியாகராஜ பாகவதர் நடித்த ஹரிதாஸ் 1944 தீபாவளிக்கு வந்தது. சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைப் பார்த்தது என்று எல்லோரும் கேட்டிருப்போம். பாகவதர் குரல் ஒரு காரணம், சரி. இன்னொரு காரணம் ரொம்பச் சாதாரணமானது. பிரிண்ட் என்பது ஒரு பொருள். தகரப் பெட்டிக்குள் வரும் ஃபிலிம் சுருள். அதை எடுக்கப் பணம் ஆகும், அதனால் சில பிரிண்ட்தான் எடுப்பாங்க. படம் முதலில் பெரிய நகரத்தில் ஓடும், பிறகு சின்ன நகரம், கடைசியில் டூரிங் டாக்கீஸ். ஏ சென்டர், பி சென்டர், சி சென்டர் என்று நாம் சொல்வது அதைத்தான்.

இது நம்ம ஊர் வழக்கம் மட்டும் இல்லை. அமெரிக்காவிலும் நகரத்தின் நடுவில் இருக்கும் பெரிய அரங்கில் முதல் ஓட்டம், சில வாரம் இடைவெளி விட்டு அடுத்த பகுதித் தியேட்டர்களில் இரண்டாவது ஓட்டம் என்றுதான் இருந்தது. பென்-ஹர் (1959), தி சவுண்ட் ஆஃப் மியூசிக் (1965) மாதிரிப் பெரிய படங்களுக்கு இன்னும் ஒரு படி மேலே. நகரத்துக்கு ஒரு தியேட்டர், முன்பதிவு செய்த இருக்கை, நடுவில் இடைவேளை, கூடுதல் கட்டணம். அந்தப் படம் வேண்டும் என்றால் அந்த ஒரு தியேட்டருக்குத்தான் போகணும். அதனால் மாதக்கணக்கில் ஓடும்.

1975 ஜூன் 20-ஆம் தேதி ஜாஸ் ஒரே நாளில் 409 தியேட்டர்களில் வெளியானது. அதற்கு முன்னாடி நாடு முழுக்க டிவியில் விளம்பரம் கொடுத்தாங்க. விளம்பரம் ஒரே நேரத்தில் எல்லார் வீட்டுக்கும் போகுது என்றால், படமும் ஒரே நேரத்தில் எல்லார் ஊரிலும் இருக்கணும் இல்லையா? ஆனாலும் ஜாஸ் அந்தக் கோடைக்காலம் முழுக்க ஓடியது. நிறைய தியேட்டரில் வெளியிடுவதால் மட்டும் ஓட்டம் குறைந்துவிடாது, இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1977: ஸ்டார் வார்ஸையே வெளியே அனுப்பிய தேதி

எனக்கு இந்த வரலாற்றில் ரொம்பப் பிடித்த சம்பவம் இதுதான். 1977 மே 25. ஸ்டார் வார்ஸ் முதல் நாள் வெறும் 32 தியேட்டர்களில் வெளியாகுது. அதில் ஒன்று ஹாலிவுட்டின் புகழ்பெற்ற சைனீஸ் தியேட்டர். வாசலில் சிமெண்டில் நட்சத்திரங்களின் கால்தடம் பதித்திருக்குமே, அதே தியேட்டர்தான். கூட்டம் தெருவை அடைத்து நிற்குது. ஆனால் அந்தத் திரை ஜூன் கடைசியில் இன்னொரு படத்துக்கு ஏற்கெனவே எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தது. தி எக்ஸார்சிஸ்ட் எடுத்த வில்லியம் ஃப்ரீட்கினின் சார்சரர்.

ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். ஸ்டார் வார்ஸ் வெளியே போனது, சார்சரர் உள்ளே வந்தது. வந்த படத்தைப் பார்க்க ஆள் இல்லை. ஆகஸ்ட் 3-ஆம் தேதி ஸ்டார் வார்ஸ் அதே திரைக்குத் திரும்பி வந்தது. அன்றைக்கு டார்த் வேடரும் இரண்டு ரோபோக்களும் வாசல் சிமெண்டில் கால் பதித்தார்கள்.

2023-ல் நடந்ததும் அடிப்படையில் இதேதான். பெரிய திரை முன்கூட்டியே தேதி போட்டு விற்கப்படும் இடம். ஒரே வித்தியாசம், 1977-ல் திரும்பி வர வழி இருந்தது. அந்த வழி எப்படி அடைபட்டது?

ஐந்து சதவீதமும் நாற்பத்திரண்டு சதவீதமும்

இரண்டு படங்களின் அமெரிக்க, கனடா வசூலைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். டைட்டானிக், 1997 டிசம்பர் 19. முதல் வார இறுதியில் சுமார் 2.86 கோடி டாலர். அந்த வெளியீட்டில் மொத்தம் சுமார் 60 கோடி டாலர். அதாவது முதல் மூன்று நாளில் வந்தது மொத்தத்தில் 5 சதவீதம்கூட இல்லை. தொடர்ந்து 15 வாரம் முதலிடம். அதிகமா வசூலான ஒற்றை நாள் 1998 பிப்ரவரி 14, காதலர் தினம். படம் வந்து எட்டு வாரம் ஆன பிறகு!

அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம், 2019 ஏப்ரல் 26. முதல் வார இறுதியில் 35.7 கோடி டாலர், மொத்தம் 85.8 கோடி டாலர். முதல் மூன்று நாளிலேயே 42 சதவீதம் வந்தாச்சு.

மக்களுக்குப் பொறுமை போயிடுச்சு என்று சொல்லி முடித்துவிடலாம். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரே நேரத்தில் எத்தனை இருக்கை கிடைக்குது என்பதுதான் மாறியது. 1995-ல் டல்லஸில் ஏஎம்சி நிறுவனம் 24 திரைகளோடு ஒரே கட்டிடம் திறந்தது. இந்த மாதிரி இடங்கள் பெருகிய பிறகு, முதல் நாளே பார்க்க ஆசைப்படுகிற எல்லாருக்கும் அன்றைக்கே சீட் கிடைத்தது. முன்பு ஹவுஸ்ஃபுல் போர்டு பார்த்துத் திரும்பிப் போனவர்கள்தான் இரண்டாவது, மூன்றாவது வாரத்தை நிரப்பினாங்க. இப்போ திரும்பிப் போக வேண்டிய அவசியமே இல்லை. எண்ட்கேம் வெளியானது 4,662 தியேட்டர்களில்.

பணத்தைப் பங்கு போடும் முறையும் இதைத் தள்ளிவிட்டது. 2009-ல் இந்தித் தயாரிப்பாளர்களுக்கும் மல்டிபிளெக்ஸ்களுக்கும் சண்டை வந்து, இரண்டு மாதம் புதுப் படம் நின்று, கடைசியில் ஒரு சமரசம் ஆச்சு. முதல் வார வசூலில் படக்காரர்களுக்கு 50 சதவீதம், இரண்டாவது வாரம் 42.5, மூன்றாவது வாரம் 37.5, அதற்குப் பிறகு 30. படக்காரர் பக்கம் இருந்து பாருங்கள். எவ்வளவு சீக்கிரம் வசூலாகுதோ அவ்வளவு லாபம். தியேட்டருக்கு நாலாவது வாரம் நல்லது, ஆனால் அதற்குள் அடுத்த படக்காரர் தன்னோட முதல் வாரத்துக்குத் திரை கேட்டு நிற்கிறார்.

பிறகு டிஜிட்டல் வந்தது, தகரப் பெட்டி போனது. படம் இப்போ பூட்டு போட்ட ஃபைல். சென்னையில் உருவான க்யூப் மாதிரி நிறுவனங்கள் வழியாகத் தியேட்டருக்கு வருது. அதைத் திறக்க கேடிஎம் என்ற டிஜிட்டல் சாவி வேண்டும். "கேடிஎம் வரல, காலை ஷோ கேன்சல்" என்று ரசிகர்கள் புலம்புவதைக் கேட்டிருப்பீங்க. அந்தச் சாவி குறிப்பிட்ட தியேட்டரின் கருவிக்கு மட்டும் வேலை செய்யும். அதில் ஆரம்பத் தேதி இருக்கும், முடிவுத் தேதியும் இருக்கும். ஃபிலிம் சுருள் தேய்ந்து கீறல் விழும் வரை ஓடும். இது குறித்த நிமிஷத்தில் நின்றுவிடும். பிரதி எடுக்க அனேகமா செலவே இல்லை என்று ஆன அதே நேரத்தில், படத்துக்குக் காலாவதித் தேதியும் வந்துவிட்டது.

பிரதி எடுக்க முடியாத ஒன்று

படத்தை எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம். பெரிய திரையை எடுக்க முடியாது. கதை மறுபடி சைனீஸ் தியேட்டர் வாசலுக்கே வந்து நிற்பது இங்கேதான்.

ஐமேக்ஸ் 1970-ல் ஜப்பானின் ஒசாகா உலகக் கண்காட்சியில் அறிமுகமானது. ரொம்ப காலம் அது அருங்காட்சியகத்துக்கான திரை. 1976-ல் வாஷிங்டன் வான்வெளி அருங்காட்சியகத்தில் டு ஃப்ளை என்ற குறும்படம் திரையிட்டாங்க. அது பல பத்தாண்டுகள் அங்கே காட்டப்பட்டது. அவசரப்படுத்த அடுத்த படம் எதுவும் வரிசையில் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

2002-ல் அப்போலோ 13 படத்தை ஐமேக்ஸுக்கு மாற்றி வெளியிட்டாங்க. 2008-ல் தி டார்க் நைட் படத்தின் சில காட்சிகளை ஐமேக்ஸ் கேமராவிலேயே எடுத்தார் நோலன். அதன் பிறகு எல்லாப் பெரிய படத்துக்கும் அந்தத் திரை வேண்டும். சென்னை மாதிரி நகரத்திலேயே அத்தகைய திரைகளை விரல் விட்டு எண்ணிடலாம். எங்க ஆபீசில் இருக்கும் ஒரே பெரிய மீட்டிங் ரூம் மாதிரி. உங்க கூட்டம் எவ்வளவு நல்லாப் போனாலும், நாலு மணிக்கு அடுத்த டீம் கதவைத் தட்டும். அப்படித்தான் ஓப்பன்ஹைமர் மூன்று வாரத்துக்கு முன்பதிவு செய்து வைத்திருந்தது. டெட் ரெக்கனிங் ஒன்பதாவது நாள் அறையைக் காலி செய்தது.

இன்னொரு உதாரணம் நம்ம நாட்டிலேயே. இன்டர்ஸ்டெல்லரின் பத்தாவது ஆண்டு மறு வெளியீடு அமெரிக்காவில் 2024 டிசம்பர் 6. இந்தியாவில் அப்போ வரவில்லை, முந்தின நாளே புஷ்பா 2 ஐமேக்ஸ் திரைகளை எடுத்துக்கொண்டது. 2025 பிப்ரவரி 7-ஆம் தேதிதான் வந்தது. டிக்கெட் பரபரப்பா விற்றது. 14-ஆம் தேதி புதுப் படங்கள் வரிசையில் நின்றதால் ஒரே வாரத்தில் திரையை விட்டுக்கொடுத்தது.

பழைய காலம்தான் நல்ல காலம் என்று நான் சொல்ல வரவில்லை. அப்பா சின்ன வயசில் புதுப் படம் ஊருக்கு வரப் பல மாதம் காத்திருந்திருக்கிறார், வந்த பிரிண்டிலும் மழை பெய்வது மாதிரிக் கீறல். இன்றைக்கு அதே ஊரில் முதல் நாளே பளிச்சென்று படம் ஓடுது. அது பெரிய விஷயம்.

ஆனால் இழந்தது என்ன என்றும் சொல்லணும். நாலு பேர் பார்த்து, அஞ்சாவது ஆளிடம் "நல்லா இருக்கு, போய்ப் பாரு" என்று சொல்ல நேரம் வேண்டும். அந்த அஞ்சாவது ஆள்தான் என் அப்பா. சம்பளம் வரட்டும் என்று காத்திருப்பவர், லீவு கிடைக்காதவர், கூட்டத்தில் நிற்க முடியாதவர், எல்லாரும் அந்த அஞ்சாவது ஆள்தான். சாதாரணத் திரையில் அவங்களுக்கு இன்னும் சில வாரம் இருக்கு. பெரிய திரை இப்போ முதல் நாலு பேருக்கு மட்டும் என்று ஆகிவிட்டது.

அன்றைக்கு டெட் ரெக்கனிங்கை ஒரு சின்னத் திரையில் பார்த்தோம். அப்பா குறை எதுவும் சொல்லவில்லை, எனக்குத்தான் உறுத்தியது. அதனால் இன்டர்ஸ்டெல்லர் வந்தபோது முன்பதிவு திறந்த அன்றே இரண்டு டிக்கெட் எடுத்து, "இந்த வாரம் வந்தாதான்ப்பா உண்டு" என்று போன் பண்ணினேன். ராத்திரி ரயில் ஏறி வந்தார். படம் முடிந்து வெளியே வரும்போது, அடுத்த ஷோவுக்கு நின்ற கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்: "இது எப்போ வந்த படம்னு சொன்னே?"

"2014 ப்பா."

"பத்து வருஷமா? அப்ப இது ஓடின படம்தாண்டா."

இந்த எபிசோட் இவ்வளவுதான். உங்க ஊர் தியேட்டரில் அதிக நாள் ஓடிய படம் எது என்று வீட்டில் பெரியவங்களிடம் கேட்டு எழுதி அனுப்புங்கள். அடுத்த எபிசோடில் பார்ப்போம்.